‘கார்டு எங்கே வாங்கினீர்கள்?’ என்று கேட்டால் கோபம் வருகிறது

பழைய வீடியோ கேம்களைப் புதிய கருவிகளில் ஓடவைக்கும் எமுலேட்டர் மென்பொருள்களுக்கு உதவி செய்கிற குழுக்களைப் பற்றி ஒரு பேச்சு வேரூன்றிவிட்டது. அங்கே இருப்பவர்கள் திமிர் பிடித்தவர்களாம். ‘கேம் ஓடவில்லை’ என்று புதிதாக வந்தவர் வாய் திறந்தால் பதிலுக்குப் பத்துக் கேள்வி கேட்பார்களாம். மெமரி கார்டை எங்கே வாங்கினீர்கள் என்று போலீஸ் விசாரணை நடத்துவார்களாம். ‘கேம்களோடு சேர்த்தே ஆன்லைனில் வாங்கினேன்’ என்று உள்ளதைச் சொன்னால் அத்தோடு கதவைச் சாத்திவிடுவார்களாம். தெரிந்தவர் தெரியாதவருக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனால் என்ன குறைந்துவிடும், காசா பணமா என்பதுதான் இந்தப் பேச்சின் சாரம். கேட்கிற யாருக்கும் தலையாட்டத் தோன்றும்.

எனக்குத் தோன்றவில்லை. அந்தக் கேள்விகள்தான் உதவி. கதவைச் சாத்துவதுகூடப் பல நேரம் உதவிதான். அங்கே முரட்டுத்தனமும் இல்லாமல் இல்லை, அதைப் பின்னால் பேசுகிறேன். ஆனால் முரட்டுத்தனத்தைக் காட்டிக் கண்டிப்பைத் தூக்கிலேற்றுவதை ஒப்புக்கொள்ள முடியாது. இரண்டும் வேறு வேறு.

பேச்சு அந்தரத்தில் தொங்காமல் இருக்க ஒரு மென்பொருளை எடுத்துக்கொள்வோம். ரெட்ரோபை. 2012 பிப்ரவரியில் ராஸ்ப்பெரி பை என்ற உள்ளங்கை அளவுக் கணினி விற்பனைக்கு வந்தது. அதே ஆண்டில் தொடங்கியதுதான் ரெட்ரோபை திட்டம். இலவசம். டிவியில் நாம் பார்ப்பது கன்சோல் படங்களும் கேம் பட்டியலும் கொண்ட அழகான ஒரு திரை. அந்தத் திரையின் பெயர் எமுலேஷன்ஸ்டேஷன். அது வெறும் முகப்பு. அதற்குக் கீழே ரெட்ரோஆர்க், அதற்குள்ளே செருகப்படும் எமுலேட்டர்கள், தனியாக ஓடும் வேறு சில எமுலேட்டர்கள், இவை எல்லாவற்றுக்கும் அடியில் டெபியன் வழிவந்த லினக்ஸ். ஒவ்வொன்றும் வேறு வேறு ஆட்கள் எழுதியது, வேறு வேறு வேகத்தில் மாறுவது. இவற்றை ஒன்றோடொன்று பொருத்தி நிறுத்துவதுதான் ரெட்ரோபையின் வேலை. வணிக கேம் எதுவும் அதனோடு வராது. அதை நாம்தான் போட வேண்டும்.

இந்த இடத்தில்தான் வியாபாரி நுழைகிறார். இலவசமாகக் கிடைப்பதை இறக்கி, ஆயிரக்கணக்கான கேம்களைத் திணித்து, ஒரு தீம் மாட்டி, ‘64 ஜிபி, 10,000 கேம், செருகினால் ஓடும்’ என்று விற்கிறார். தொண்ணூறுகளில் டிவியோடு இணைத்து கான்ட்ராவும் மரியோவும் ஆடியவர்களுக்கு இந்த எண் விளையாட்டு புதிதல்ல. கேசட் மேல் 9999 என்று அச்சடித்திருக்கும். உள்ளே இருந்ததென்னவோ விரல் விட்டு எண்ணக்கூடிய கேம்கள். ஆரம்பக் கட்டத்தையும் உயிர்களின் எண்ணிக்கையையும் மாற்றி மாற்றிப் பட்டியலை நிரப்பியிருப்பார்கள். கேசட்டாவது போட்டால் ஓடியது. இந்தக் கார்டு ஓடாமல் போகும்போது வாங்கியவர் போய் நிற்பது விற்றவரிடம் அல்ல, ரெட்ரோபைக்கு உதவுகிறவர்களிடம்.

வந்தவர் சொல்வது ஒரே வரி: “பேக்மேன் ஓடவில்லை. கேமைத் தொட்டால் திரை கறுத்துவிட்டுப் பட்டியலுக்கே திரும்பி வருகிறது.”

இந்த ஒரு வரியை வைத்துக்கொண்டு எதையும் சொல்ல முடியாது. சொல்ல முடியும் என்று நினைப்பவர்கள்தான் குழுக்களைத் திட்டுகிறார்கள். திரை கறுத்துத் திரும்பி வருவது ஒரே அறிகுறிதான், அதற்குப் பின்னால் ஒரு டஜன் காரணம் இருக்கலாம். கோப்பு சிதைந்திருக்கலாம், கார்டு சாகத் தொடங்கியிருக்கலாம், கன்சோலின் துவக்க மென்பொருளான பயாஸ் இல்லாமல் இருக்கலாம், எமுலேட்டரும் கேம் கோப்பும் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் இருக்கலாம். பேக்மேன் விஷயத்தில் இன்னொரு வேடிக்கை உண்டு.

ஆர்கேடு கேம்களை ஓட்டும் மேம் என்ற எமுலேட்டரை இத்தாலிக்காரர் நிக்கோலா சல்மோரியா 1997 பிப்ரவரியில் வெளியிட்டார். அதில் ஒவ்வொரு கேமும் ஒரு ஜிப் கோப்பு. அந்த ஜிப்புக்குள் இருப்பவை, ஆர்கேடு இயந்திரத்தின் பலகையில் இருந்த சில்லுகளின் ரோம் எனப்படும் நகல்கள், சில்லுக்கு ஒரு கோப்பு. ஒரே கேம் ஜப்பானில் ஒரு மாதிரியும் அமெரிக்காவில் சிறு மாற்றங்களோடும் வெளிவந்திருந்தால் மேம் ஒன்றைத் தாய் என்றும் மற்றதைக் கிளை என்றும் வகுத்துக்கொள்கிறது. கிளையின் ஜிப்பில் மாறிய சில்லுகள் மட்டும் இருந்தால் போதும், மற்றவற்றைத் தாயிடமிருந்து எடுத்துக்கொள்ளும். 1980-ல் நாம்கோ ஜப்பானில் வெளியிட்டது ‘பக்மேன்’. மிட்வே நிறுவனம் அமெரிக்காவில் பெயரை மாற்றி விட்டது ‘பேக்மேன்’. மேமைப் பொறுத்தவரை பக்மேன் தாய், உலகமே அறிந்த பேக்மேன் அதன் கிளை. இப்போது கார்டை வாங்கியவர் பட்டியலைப் பார்க்கிறார். பேக்மேனும் இருக்கிறது, அச்சுப்பிழை மாதிரி பக்மேன் என்று இன்னொன்றும் இருக்கிறது. இரண்டும் ஒரே ஆட்டம்தான். எதற்கு இரண்டு என்று பக்மேனை அழித்துவிடுகிறார். அன்றோடு பேக்மேனும் படுத்துவிடுகிறது. அவர் பேக்மேனைத் தொடவே இல்லை. ‘நான் ஒன்றும் செய்யவில்லை, தானாக நின்றுவிட்டது’ என்று அவர் சொல்வதில் பொய்யும் இல்லை.

எல்லா கார்டிலும் இப்படி ஆகும் என்றும் சொல்வதற்கில்லை. சிலர் கிளைக்குள்ளேயே எல்லாச் சில்லையும் அடைத்து முழுத் தொகுப்பாக வைத்திருப்பார்கள். சிலர் தாய்க்குள் கிளைகளை அடைத்துவிடுவார்கள். எந்த வகைத் தொகுப்பு என்பது அதைச் சேர்த்தவருக்குத்தான் தெரியும். அவர்தான் காசை வாங்கிக்கொண்டு போய்விட்டாரே.

இதற்குமேல் பதிப்புச் சிக்கல். மேம் வளர வளர, முன்பு தவறாக நகலெடுத்த சில்லுகளை யாரோ பலகையைத் தேடிப்பிடித்துத் திரும்ப எடுக்கிறார்கள். விடுபட்ட சில்லு கிடைக்கிறது, பெயர் திருத்தப்படுகிறது, தாயும் கிளையும் இடம் மாறுகின்றன. அதனால் மேமின் ஒவ்வொரு பதிப்புக்கும் அதற்கான ரோம் தொகுப்பு உண்டு. ரெட்ரோபைக்குள் மேம் ஒன்றல்ல, பல. பழைய பலவீனமான ராஸ்ப்பெரி பைகளுக்காக வைத்திருக்கும் மேம்4ஆல், 0.37 பீட்டா 5 தொகுப்பைக் கேட்கும். மேம்2003 கேட்பது 0.78. எஃப்பிநியோ என்ற வேறொரு ஆர்கேடு எமுலேட்டர் தன் சமீபத்திய பட்டியலைக் கேட்கும். மூன்று தொகுப்பிலும் ஜிப்பின் வெளிப்பெயர் ஒன்றே. உள்ளே இருப்பது வேறு. வெளியே நின்று பெயரைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது, எந்த அனுபவசாலியாலும் முடியாது.

ஆகவே ‘கார்டு எங்கே கிடைத்தது, எந்த எமுலேட்டரில் ஓட்டுகிறீர்கள், ரோம் தொகுப்பு எந்தப் பதிப்பு’ என்ற மூன்று கேள்விகளும் கேட்பவரின் நேர்மையைச் சோதிக்க எழுந்தவை அல்ல. அவற்றுக்கு விடை இல்லையென்றால் சிக்கலுக்கும் விடை இல்லை. ‘கேம்களோடு வாங்கினேன்’ என்ற பதில் வந்த உடனே மற்ற இரண்டு கேள்விகளும் செத்துவிடுகின்றன. அந்தக் கார்டில் எந்த அமைப்புக் கோப்பை எவர் எப்படித் திருத்தினார் என்பது எவருக்கும் தெரியாது. ரெட்ரோபைக்காரர்கள் எழுதியது கீழே எங்கோ இருக்கிறது, மேலே இருப்பது முகம் தெரியாத ஒருவரின் கைவண்ணம். அதைப் பார்த்து ‘இதற்கு நாங்கள் உதவ முடியாது’ என்று சொல்வது நேர்மை. முடியும் என்று சொல்பவர்தான் ஏமாற்றுகிறார்.

அடுத்த குற்றச்சாட்டு, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் சம்பந்தமில்லாததைக் கேட்கிறார்கள் என்பது. ‘ஆட்டத்தின் நடுவே நின்றுபோகிறது என்றேன், என்ன சார்ஜர் போட்டிருக்கிறாய் என்கிறான்’ என்று சிரிப்பார்கள். சிரிக்க ஒன்றுமில்லை. ராஸ்ப்பெரி பை 3-க்குப் பரிந்துரைக்கப்பட்டது 5.1 வோல்ட், 2.5 ஆம்பியர். பை 4-க்கு 3 ஆம்பியர். வீட்டில் கிடந்த பழைய போன் சார்ஜரைச் செருகினாலும் பை எழுந்துவிடும், பட்டியல் வந்துவிடும், சூப்பர் மரியோ ஓடிவிடும். கனமான ஒரு பிளேஸ்டேஷன் கேமைத் திறந்தால் செயலி கூடுதலாகக் கரண்ட் இழுக்கும். மெலிந்த யூஎஸ்பி வயரில் மின்னழுத்தம் சரியும். 4.63 வோல்ட்டுக்குக் கீழே போனால் திரையின் மூலையில் மஞ்சள் மின்னல் குறி ஒன்று வந்து போகும். பார்ப்பவர் அதை ஏதோ அலங்காரம் என்று விட்டுவிடுவார். செயலி வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், சில நேரம் மொத்தமும் நிற்கும், கெட்ட நேரமாக இருந்தால் கார்டில் எழுதிக்கொண்டிருக்கும்போது நின்று கோப்பு சிதையும். மின்சாரம் குறைந்ததா என்று பையிடமே கேட்கலாம், அதற்கு ஒரு வரிக் கட்டளை இருக்கிறது. பூஜ்யம் வந்தால் குறையில்லை. வேறு எண் வந்தால், இப்போது இல்லாவிட்டாலும் இயக்கியதிலிருந்து எப்போதோ ஒருமுறை குறைந்திருக்கிறது என்பதைக்கூடக் காட்டிக்கொடுத்துவிடும். இருபது நிமிடம் எமுலேட்டர் அமைப்புகளைக் கிண்டுவதற்குமுன் இதைக் கேட்பவரைத் திமிர்பிடித்தவர் என்றால் அப்புறம் யாரைத்தான் உதவிக்காரர் என்பது?

லாக் கேட்பதும் அப்படியே. ‘லாக் போடுங்கள்’ என்ற இரண்டு சொல்லைக் கேட்டாலே புதியவர்களுக்கு எரிச்சல் வருகிறது. அதைத் தட்டிக்கழிப்பதற்கான சாக்கு என்று எடுத்துக்கொள்கிறார்கள். ரெட்ரோபையில் ஒவ்வொரு முறை கேமைத் திறக்கும்போதும் என்ன நடந்தது என்று ஒரு கோப்பில் எழுதப்படுகிறது. பேக்மேன் கதையில் அந்த லாகைத் திறந்தால், இன்னின்ன சில்லுக் கோப்புகள் காணோம் என்று எமுலேட்டர் தன் வாயாலேயே சொல்லியிருக்கும். யூகம் வேண்டாம், வாக்குவாதம் வேண்டாம். ஆனால் அந்தக் கோப்பு எழுதப்படுவது கார்டில் இல்லை, தற்காலிக நினைவகத்தில். பையை அணைத்தால் போயிற்று. கேம் ஓடாததும் நாம் முதலில் செய்வது என்ன? பிளக்கைப் பிடுங்கித் திரும்பச் செருகுவது. ஆதாரத்தை அழித்துவிட்டு வந்து ஆதாரம் கேட்கிறாயே என்று சண்டை போடுகிறோம். ‘கேம் நின்றதும் அணைக்காமல் அப்படியே லாகை எடுங்கள்’ என்று ஒருவர் கறாராகச் சொன்னால் அதற்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது.

சரி, எதுவும் கேட்காமல் அன்பாகப் பதில் சொல்லும் குழுக்களில் என்ன நடக்கிறது? அவை இருக்கின்றன, அவற்றுக்குத்தான் கூட்டமும் அதிகம். பேக்மேன் ஓடவில்லை என்று ஒருவர் கேட்டதும் ஐந்து பேர் ஐந்து பதில் தருவார்கள். எமுலேட்டரை மாற்றிப் பாருங்கள் என்பார் ஒருவர். வீடியோ டிரைவரை மாற்றுங்கள் என்பார் இன்னொருவர். எனக்கு ரெட்ரோஆர்க்கைப் புதுப்பித்ததும் சரியாயிற்று என்பார் மூன்றாமவர். எல்லோரும் நல்லவர்கள், எல்லோரும் யூகிக்கிறார்கள். வந்தவர் ஐந்தையும் செய்து பார்க்கிறார். எமுலேட்டரை மாற்றியதில் ஓடிக்கொண்டிருந்த நாற்பது ஆர்கேடு கேம் நின்றுவிடுகிறது. டிரைவரை மாற்றியதில் சூப்பர் நின்டெண்டோவில் படம் கிழிகிறது. ஒரு கோளாறோடு வந்தவர் ஐந்தோடு போகிறார். அடுத்த வாரம் அவருடைய கார்டைப் பார்ப்பவர் பாவம், எது பழைய நோய், எது மருந்தால் வந்த நோய் என்று பிரிக்கவே முடியாது. அந்தக் குழுவில் யாருக்கும் இதில் திமிர் தெரியாது; உதவி செய்தார்கள், நன்றி சொன்னார், கேம் மட்டும் ஓடவில்லை.

அத்தகைய பேச்சுகள் இப்போது பெரும்பாலும் டிஸ்கார்ட் அரட்டைக்குள் போய்விட்டன. அங்கே சொன்ன பதில் தேடுபொறிக்குக் கிட்டாது, மறுநாள் வேறு பேச்சுக்கு அடியில் புதைந்துவிடும். அதே கேள்வியை அடுத்தவர் திரும்பக் கேட்பார், அதே ஐந்து யூகம் திரும்ப வரும். நட்பான இடம்தான், மறுக்கவில்லை. நினைவாற்றல் இல்லாத நட்பு.

இனி, எல்லோரும் சுற்றிவளைத்துப் பேசும் விஷயத்துக்கு வருவோம். ரோம் எங்கே கிடைக்கும் என்று கேட்டாலே மட்டுறுத்துநர் பதிவை நீக்குகிறார். ‘நின்டெண்டோவின் கைக்கூலி’, ‘உத்தமன் வேஷம்’ என்றெல்லாம் திட்டு விழுகிறது. உள்ளுக்குள் அவனும் இறக்கித்தானே ஆடுகிறான் என்ற கிண்டல் வேறு.

சட்டம் இங்கே என்ன சொல்கிறது என்பது தெளிவு. எமுலேட்டர் எழுதுவது குற்றமல்ல. 2000-ல் சோனிக்கும் கனெக்டிக்ஸுக்கும் நடந்த வழக்கில் அமெரிக்காவின் ஒன்பதாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் அதைச் சொல்லிவிட்டது. பிளேஸ்டேஷனின் பயாஸை நகலெடுத்து ஆராய்ந்து, அதைப் போலவே நடந்துகொள்ளும் சொந்த மென்பொருளை எழுதியது நியாயமான பயன்பாடு என்று தீர்ப்பு. இன்று நாம் ஓட்டும் எமுலேட்டர்கள் மூச்சு விடுவது அந்தத் தீர்ப்பின் நிழலில். கேம்களைப் பரப்புவதற்கு அந்த நிழல் கிடையாது. 2018-ல் லவ்ரோம்ஸ் தளத்தை நடத்தியவர்கள் மேல் நின்டெண்டோ வழக்குப் போட்டது. அதே ஆண்டே 1.2 கோடி டாலருக்குத் தீர்ப்பானது. இரண்டு காரியத்துக்கும் நடுவே கோடு எங்கே போகிறது என்பது நீதிமன்றத்தைவிட மட்டுறுத்துநருக்குத்தான் நாள்தோறும் தேவைப்படுகிற அறிவு.

அந்தக் கோடு அழிந்தால் என்ன ஆகும் என்று யூசு காட்டியது. நின்டெண்டோ ஸ்விட்சின் எமுலேட்டரான அதன் மீது 2024 பிப்ரவரி இறுதியில் வழக்கு வந்தது. செல்டா வரிசையின் ‘டியர்ஸ் ஆஃப் தி கிங்டம்’ கேம் வெளியீட்டுக்கு முன்பே கசிந்து பத்து லட்சம் தடவைக்குமேல் இறக்கப்பட்டது என்றும், அந்தச் சமயத்தில் யூசுவுக்குப் பேட்ரியானில் வந்த ஆதரவு இரட்டிப்பானது என்றும் நின்டெண்டோ மனுவில் குற்றம்சாட்டியது. ஒரு வாரத்துக்குள் 24 லட்சம் டாலர் தர ஒப்புக்கொண்டு யூசு கடையைக் கட்டியது. அதே ஆட்கள் பராமரித்த சிட்ரா, 3டிஎஸ் கன்சோலின் எமுலேட்டர், அதுவும் கூடவே போயிற்று. சிட்ராவை நம்பிப் பழைய கேம்களைப் பாதுகாத்தவர்கள் என்ன பாவம் செய்தார்கள்? ஸ்விட்ச் பழைய கன்சோல் இல்லை, விற்பனையில் இருந்தது என்று சொல்லித் தப்பிக்கலாம், ஓரளவு உண்மையும்கூட. ஆனால் ரோம் இணைப்பை நீக்கும் மட்டுறுத்துநர் காவல் காப்பது நின்டெண்டோவின் லாபத்தை அல்ல, நாளைக்கும் நாம் இறக்கிக்கொள்ளப்போகும் எமுலேட்டரை.

சட்டமே அநியாயம் என்ற வாதம் மட்டும்தான் இதில் கனமானது. அதோடு எனக்குச் சண்டை இல்லை. வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-ல் வெளியிட்ட ஆய்வின்படி, 2010-க்கு முன் அமெரிக்காவில் வெளிவந்த பழைய கேம்களில் 87 சதவீதம் இன்று கடையில் கிடைப்பதில்லை. காசு கொடுக்கத் தயாராக இருந்தாலும் வாங்க வழியில்லை. நூலகங்கள் ஆய்வாளர்களுக்குத் தொலைவிலிருந்து அவற்றைத் திறந்துகாட்ட அனுமதி கேட்டபோது 2024 அக்டோபரில் அமெரிக்கக் காப்புரிமை அலுவலகம் மறுத்துவிட்டது. இதைவிடக் கஞ்சத்தனம் வேண்டுமா? சட்டத்தை மாற்றச் சொல்லிக் கத்துங்கள், நானும் கூட நிற்கிறேன். அதற்காகச் சம்பளமில்லாமல் ஓய்வு நேரத்தில் எமுலேட்டர் எழுதும் ஒருவரின் வீட்டுக்கு வக்கீல் நோட்டீஸ் வரும்படி நடந்துகொள்வதில் என்ன போராட்டம் இருக்கிறது?

அப்படிப் போராளி வேஷம் போடுகிறவர்கள் கார்டு வியாபாரியைப் பற்றி வாய் திறப்பதில்லை என்பது எனக்கு எப்போதுமே விளங்காத விஷயம். அந்தக் கார்டில் மீறப்படுவது நின்டெண்டோவின் உரிமை மட்டும் இல்லை. சூப்பர் நின்டெண்டோவுக்கான எஸ்நெஸ்9எக்ஸ், சேகாவுக்கான ஜெனிசிஸ் பிளஸ் ஜிஎக்ஸ், ஆர்கேடுக்கான எஃப்பிநியோ ஆகியவற்றை யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம், வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்பது அவற்றின் உரிமம். மேம் 2016-ல் கட்டற்ற உரிமத்துக்கு மாறியது. அதற்குமுன் அதற்கும் அதே நிபந்தனைதான், மேம்2003 இன்றும் அந்தப் பழைய நிபந்தனையில்தான் இருக்கிறது. ஆக, விற்றவர் ஏமாற்றியது இவற்றை எழுதிய தன்னார்வலர்களை. அவர்களுடைய உழைப்பை விற்றுக் காசாக்கினார். வாங்கியவர் அந்தத் தன்னார்வலர்களிடமே வந்து, நான் காசு கொடுத்து வாங்கியது ஓடவில்லை, சரிசெய்து கொடு என்கிறார். முடியாது என்றால் கோபம். உலகத்தில் வேறு எந்தத் தொழிலில் இந்தக் கோபம் செல்லுபடியாகும்?

வாங்கியவருக்கு இதெல்லாம் தெரியாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். பிள்ளையின் பிறந்தநாளுக்கு ஆசையாய் வாங்கிய அப்பாவிடம் உரிமச் சட்டம் பேசினால் அது அவர் காதில் ஏறாது. இங்கேதான் குழுக்களின் உண்மையான குற்றம் இருக்கிறது. பதிவைப் பூட்டும்போது ‘விதி 3-ஐப் பார்க்கவும்’ என்று எழுதிவிட்டுப் போகிற மட்டுறுத்துநர் சரியான காரியத்தைக் கெட்ட விதத்தில் செய்கிறார். பூட்டுவதற்கு ஒரு நொடி, ஏன் பூட்டுகிறோம், இனி என்ன செய்யலாம் என்று மூன்று வரி எழுத ஒரு நிமிடம். அந்த ஒரு நிமிடத்தை மிச்சப்படுத்தித்தான் இந்தக் கெட்ட பெயரைச் சம்பாதித்திருக்கிறார்கள்.

இதைவிட மோசம், ‘ஏற்கெனவே பதில் சொல்லியாகிவிட்டது, தேடிப் பாருங்கள்’ என்பது. பழைய பதில் பல நேரம் விஷம். பை 3 காலத்தில் டிவித் தெளிவுத்திறனைச் சரிசெய்ய துவக்கக் கோப்பில் இரண்டு வரி சேர்க்கச் சொல்வார்கள், அன்று அது வேலை செய்தது. புதிய வீடியோ டிரைவரோடு வரும் இன்றைய அமைப்பில் அந்த வரிகளைக் கருவி கண்டுகொள்வதே இல்லை. எட்டு வருஷத்துக்கு முந்தைய பதிலைக் காட்டி ஒரு கேள்வியைப் பூட்டுகிறவர், அந்தப் பதில் இன்றைக்கும் ஓடுகிறதா என்று பார்த்திருக்க வேண்டும். பார்ப்பதில்லை. இதைப் பற்றி யாராவது புகார் சொன்னால் நான் அவர் பக்கம்.

ஆனால் புகார் அப்படி வருவதில்லை. விதியே வேண்டாம், கேள்வியே கேட்காதே என்றுதான் வருகிறது. கேள்வியும் விவரமும் என்ன செய்யும் என்பதற்கு ‘ஸ்பீடி கன்சாலஸ்’ என்ற சூப்பர் நின்டெண்டோ கேமைச் சொல்லலாம். அதன் 6-1 கட்டத்தில் ஒரு பட்டன் உண்டு. ஒரு காலத்தில் எமுலேட்டரில் அதை மிதித்தால் கேம் உறைந்துவிடும். எந்த எமுலேட்டரிலும் இதே கதை. உண்மையான கன்சோலில் மட்டும் ஓடியது. ரோம் கெட்டுப்போயிருக்கிறது, வேறு இறக்கிக்கொள் என்று எவரும் எளிதாகச் சொல்லி அனுப்பியிருக்கலாம். பிஎஸ்நெஸ் எமுலேட்டரை எழுதிய ப்யூ விடவில்லை. நினைவகத்தில் எதுவுமே இல்லாத ஒரு முகவரியிலிருந்து அந்தக் கேம் படிக்கிறது, அப்போது மின்கம்பிகளில் கடைசியாக எஞ்சியிருந்த மதிப்பே அதற்குக் கிடைக்கிறது, அந்த மதிப்பு மாறும்வரை அது சுற்றிக்கொண்டே இருக்கிறது என்று கண்டுபிடித்தார். எந்த கேம், எந்தக் கட்டம், எந்தப் பட்டன், எந்த ரோம் என்ற விவரம் துல்லியமாக இருந்ததால்தான் அது முடிந்தது. ‘கேம் நின்றுபோகிறது, பதில் சொல்லுங்கள் ப்ளீஸ்’ என்பதிலிருந்து அந்த இடத்துக்கு ஒருநாளும் போய்ச்சேர முடியாது.

இந்த வேலையைச் செய்பவர்கள் எவ்வளவு சிறிய கூட்டம் என்பதும் பேசுகிறவர்களுக்குத் தெரிவதில்லை. 2020 ஆகஸ்டில் யாரோ ஒருவர் ரெட்ரோஆர்க்கை உருவாக்கும் லிப்ரெட்ரோ திட்டத்தின் சர்வருக்குள் புகுந்து அழித்துவிட்டார். ரெட்ரோஆர்க்கின் எமுலேட்டர்கள் புதுப்பித்துக்கொள்ளும் வழியே சில காலம் அடைபட்டது. முறையான பேக்கப்புக்குக்கூடப் பணம் இல்லாமல் நடந்துகொண்டிருந்தது என்பது அப்போது வெளியே வந்தது. கோடிக்கணக்கில் லாபம் பார்க்கும் கம்பெனியின் வாடிக்கையாளர் சேவையிடம் எதிர்பார்ப்பதை இவர்களிடம் எதிர்பார்க்கிறோம். இவர்களுக்கு இருப்பது சாயங்காலத்தில் இரண்டு மணி நேரம். அதை ஆவணமில்லாத கார்டு ஒன்றில் கொட்டினால், ரெட்ரோபையிலேயே உள்ள பிழையைச் சரியான லாகோடு கொண்டுவந்து காத்திருப்பவருக்கு ஒன்றும் மிஞ்சாது. அந்தக் காத்திருப்பவரும் புதியவர்தான், பெரும்பாலும்.

அப்படியானால் அந்தக் கார்டை வாங்கிவிட்ட அப்பா என்னதான் செய்வது? கண்டிப்பான குழுவில் கொஞ்சம் பொறுமையுள்ள ஒருவர் இருந்தால் அவருக்குச் சொல்லும் வழி இதுதான். கார்டை அப்படியே எடுத்து வைத்துவிடுங்கள். நல்ல கார்டு ஒன்றை வாங்கி, ரெட்ரோபையை அதன் சொந்தத் தளத்திலிருந்து இறக்கிப் பதியுங்கள். சரியான சார்ஜரைப் போடுங்கள். மேம் குழுவினர் தங்கள் தளத்தில், உரிமையாளர்களின் அனுமதியோடு சில ஆர்கேடு கேம்களை வணிகமல்லாத பயன்பாட்டுக்கு இலவசமாக வைத்திருக்கிறார்கள். ‘கிரிட்லீ’, ‘ராபி ரோட்டோ’ போன்றவை. அதில் ஒன்றை மட்டும் போடுங்கள். ஓடினால் கருவியும் மின்சாரமும் எமுலேட்டரும் நலம் என்று தெரிந்துபோகும். அப்புறம் உங்களிடம் இருக்கும் சிடியிலிருந்து எடுத்த ஒரு பிளேஸ்டேஷன் கேமைச் சேருங்கள். பயாஸ் கோப்பின் பெயர் சிறிய எழுத்தில் இருக்க வேண்டும், லினக்ஸுக்குப் பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் வேறு வேறு. சிடியிலிருந்து எடுத்த கேம் க்யூ (.cue), பின் (.bin) என்று இரண்டு கோப்பாக இருக்கும்; க்யூ கோப்புக்குள் பின் கோப்பின் பெயர் எழுதியிருக்கும், பட்டியலில் அழகாகத் தெரிய வேண்டும் என்று ஒன்றை மட்டும் பெயர் மாற்றினால் மற்றது வழி தெரியாமல் நிற்கும். ஒவ்வொன்றாகச் சேர்த்து, ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்து வாருங்கள். ஒரு இடத்தில் நிற்கும். நின்றால் அணைக்காமல் லாகை எடுத்துக்கொண்டு வாருங்கள். எந்த பை, எந்தப் பதிப்பு, எந்தச் சார்ஜர், எந்த எமுலேட்டர் என்று நான்கு வரியும் சேர்த்து. அன்றைக்கு உங்களுக்கு வருவது பெரும்பாலும் ஒரே பதில்தான், அதுவும் ஒரே வரியில்.